பணக்காரர் கதவைத் தட்டிய கிரையோனிக்ஸ்

அவையோர்க்கு வணக்கம். இறந்தவரின் உடலை, வருங்கால மருத்துவம் எழுப்பிவிடும் என்ற நம்பிக்கையில், −196 பாகை செல்சியஸ் குளிரில் திரவ நைட்ரஜனுக்குள் வைத்துக் காக்கும் கிரையோனிக்ஸ் முறையைக் கோடீசுவரர்களின் ஆடம்பரம் என்றே பலரும் எண்ணுகிறோம். அதன் தொடக்க வரலாறோ வேறு கதை சொல்கிறது.

மிச்சிகனில் கல்லூரி இயற்பியல் ஆசிரியராக இருந்த ராபர்ட் எட்டிங்கர், 1960-இல் தம் கருத்தைச் சில பக்கங்களில் சுருக்கி, ‘ஹூ இஸ் ஹூ இன் அமெரிக்கா’ என்னும் பிரமுகர் தொகுப்பிலிருந்து ஏறத்தாழ 200 பேரைத் தேர்ந்து அனுப்பிவைத்தார். பெரிய இடத்தார் நாலு பேர் முன்வந்தால் ஊர் பின்னால் வரும் என்று நினைத்தார் போலும். பதில் எழுதியவர்கள் மிகச் சிலரே. 1964-இல் டபிள்டே நிறுவனம் அவருடைய நூலை வெளியிட்டதும் புகழ் வந்தது. பணப்பையைத் திறக்கத்தான் ஆள் வரவில்லை.

1967 ஜனவரி 12-ஆம் நாள் கலிபோர்னியாவில் முதலில் உறையவைக்கப்பட்ட ஜேம்ஸ் பெட்ஃபோர்டும் தொழிலதிபர் அல்லர்; புற்றுநோயால் இறந்த உளவியல் பேராசிரியர். அதற்கு முந்தைய மாதம் மறைந்த வால்ட் டிஸ்னி உறைநிலையில் இருப்பதாக இன்றுவரை ஒரு வதந்தி உலவுகிறது. இயக்கத்துக்குக் கிடைத்த மிகப் பெரிய செல்வர் அந்த வதந்தியில்தான் கிடைத்தார். உண்மையில் அவர் உடல் எரியூட்டப்பட்டுவிட்டது.

செல்வர் வராததன் விளைவு சாதாரணமானதன்று. திரவ நைட்ரஜன் ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், கலன்களை விடாமல் நிரப்ப வேண்டும். அதாவது, இச்செலவுக்கு முடிவே கிடையாது. தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்ப்பவராக இருந்த ராபர்ட் நெல்சன், கலிபோர்னியா கிரையோனிக்ஸ் சங்கத்தின் தலைவராகி, சாட்ஸ்வொர்த் கல்லறைத் தோட்டத்தின் நிலவறையில் உடல்களை வைத்துக் காத்தார். மூலதனம் ஏதுமின்றி, உறவினர் அவ்வப்போது தரும் பணத்தை நம்பியே அது நடந்தது. துக்கம் ஆற ஆறப் பணம் வருவது நின்றது, கலன்களும் பழுதாயின, உடல்கள் உருகி அழுகியிருந்தது 1979-இல் அம்பலமானது. வழக்கு நடந்து, தீர்ப்பும் நெல்சனுக்கு எதிராகவே வந்தது. அவரை மோசடிக்காரர் என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த ஏற்பாட்டில் யார் இருந்திருந்தாலும் முடிவு ஏறக்குறைய அதுவாகத்தான் இருந்திருக்கும்.

வழி திறந்தது ஆயுள் காப்பீட்டால்தான். நடுத்தர வருவாயுள்ள ஒருவர் உடல்நலம் உள்ளபோதே பாலிசி எடுத்து, தவணை கட்டி, தாம் இறந்தபின் வரும் தொகை பாதுகாக்கும் அமைப்புக்கே சேருமாறு எழுதிவைத்தார். மாதந்தோறும் உறவினரிடம் கையேந்தும் நிலை நீங்கிற்று. எட்டிங்கரும் 1976-இல் மிச்சிகனிலேயே கிரையோனிக்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பைத் தொடங்கினார். மறு ஆண்டு அங்கு முதலில் வைக்கப்பட்டவர் அவருடைய தாயார்.