ஊர் கூடினால்தான் தேர் ஓடும்

(பல்கலைக்கழக ஊழியர்களும் மாணவர்களும் நாள்தோறும் மேற்கொள்ளும் பயணம் குறித்து மொரீசியஸ் தீவின் மோக்காவில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, துணைவேந்தர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, அலுவலக ஊழியர்களே, திருக்கோயில் சங்கங்களின் தலைவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தமக்கு ஒதுக்கிய நேரத்தில் பாதியை மாணவர்களின் கேள்விகளுக்கே விட்டுக்கொடுத்த துணைவேந்தர் அவர்களுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். மண்டபத்தைத் தந்துதவிய சங்கத்தாருக்கும், விடியற்காலையிலேயே வந்து நாற்காலி அடுக்கி, நமக்காக மிளகாய் வடை சுட்டுவைத்திருக்கும் மகளிர் குழுவினருக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

பேருந்தும் மெட்ரோவும், மிதிவண்டி, நடை, வகுப்புகளின் நேர அட்டவணை என்னும் நான்கைப் பற்றிப் பேசவே வந்தேன். ஊர் கூடினால்தான் தேர் ஓடும் என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். வடத்தில் எல்லார் கையும் பட வேண்டும். ஆனால் இன்று காலையில் நம் பல்கலைக்கழகம் இருக்கும் ரெதுயி நோக்கி வரும் சாலையைப் பாருங்கள். ஆளுக்கொரு தேர், அதில் ஆளுக்கொரு சாமியாக நாம் தனித்தனியே அமர்ந்து வருகிறோம். பன்னிரண்டரை லட்சம் பேர் வாழும் இத்தீவில், பதிவுபெற்ற வாகனங்கள் மட்டும் ஆறு லட்சத்தைத் தாண்டிவிட்டன.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. போகவர நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் செலவழிக்கும் ஒரு விரிவுரையாளர், வாரத்தில் ஐந்து நாள் வந்தாலே 23 கிலோ ஆகிவிடும். அந்தப் பெட்ரோலில் ஒரு துளிகூட இந்த மண்ணில் ஊறியதன்று. அத்தனையும் கப்பலில் வந்து இறங்குவது.

நம் தீவுக்கு இரயில் புதிதன்று. 1864இல் இங்கே இரயில் ஓடத் தொடங்கியது. 1956இல் பயணிகள் வண்டிகளை நிறுத்தினார்கள். 1964இல் சரக்கு வண்டிகளும் நின்றுபோயின. தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டு, பிறகு பெருமளவு அதே தடத்திலேயே மெட்ரோவைப் போட வேண்டியதாயிற்று. போர்ட் லூயிசிலிருந்து ரோஸ் ஹில் வரையிலான முதற்பகுதி 2020 ஜனவரியில் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. 2022இல் பாதை கியூர்பீப்பை எட்டியது. 2023இல் ரோஸ் ஹில்லிலிருந்து எபேன் வழியாக ரெதுயிக்கு ஒரு கிளை வந்தது. ஒரு வண்டியில் ஏறத்தாழ 300 பேர் ஏறலாம். அந்த 300 பேரும் தனித்தனிக் காரில் வந்தால், நான்கு மீட்டர் நீளமுள்ள கார்களை முட்டமுட்ட நிறுத்தினாலும் வரிசை 1,200 மீட்டருக்கு நீளும். ஆகவே, பாதை இல்லை என்று ரெதுயியில் இனி யாரும் சொல்ல முடியாது. என் கவலை, பாதை முடிந்த இடத்திலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களைப் பற்றியது.

இங்கே என் கதையொன்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். 1983இல் இந்தப் பக்கத்தில் ஒரு மாலை வகுப்பில் படித்தேன். வீடு மோந்தாஞ் பிளான்ஷ் கிராமத்தில். வகுப்பு முடிந்து சென் பியேர் வரை வந்து, அங்கே வேறு பேருந்து மாற வேண்டும். கரும்பு வெட்டும் காலத்தில் ஒருநாள், ஆசிரியர் பத்து நிமிடம் கூடுதலாகப் பாடம் நடத்தினார். நாங்கள் நால்வர் சென் பியேரில் இறங்கியபோது கடைசிப் பேருந்தின் பின்விளக்குதான் தெரிந்தது. ஓடினோம், நிற்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. சீனக்கடைத் திண்ணையில் ஒதுங்கினோம். கடைக்காரர் கதவைப் பாதி சாத்தியிருந்தவர், எங்களைப் பார்த்து மறுபடி திறந்து, தகரக் குவளைகளில் தேநீர் கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து, ஆலையில் கரும்பை இறக்கிவிட்டு வந்த லாரி ஒன்று நின்றது. பின்புறம் ஏறினோம். வழியில் வரும் கார்த்தியே மிலித்தேர் ஊரின் குளிர் உங்களுக்குத் தெரியும். ஈரச் சட்டையோடு, காலெல்லாம் கரும்புத் தோகை ஒட்ட, குறிப்பேடுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தோம். மை கரைந்து என் சட்டையில் நீலமாக இறங்கியிருந்தது. வீட்டு வாசலில் அம்மா விளக்கோடு நின்றிருந்தார்.

நான் மறுநாள் வகுப்புக்குப் போனேன். எங்கள் நால்வரில் ஒருத்தி போகவில்லை. அந்த லாரியிலிருந்து இறங்கிய அவளை அவள் அப்பா திட்டவில்லை, அடிக்கவுமில்லை. "போதும், மகளே" என்றார். அவ்வளவுதான். எங்களில் கணக்கு நன்றாகப் போடத் தெரிந்தவள் அவள்தான்.

2005இல் மாணவர்களுக்கும் முதியோருக்கும் பேருந்துக் கட்டணத்தை அரசு நீக்கியது. நல்ல செயல், நன்றியோடு சொல்கிறேன். ஆயினும் இருட்டிய பிறகு கிராமத்துச் சாலைகளில் பேருந்து அரிதாகிவிடுகிறது. வராத பேருந்தில் இலவசமாக ஏறி என்ன பயன்? கார் வேண்டாம் என்று மாணவர்களுக்கு அறிவுரை சொல்லும் நாம், அவர்கள் காருக்குக் கடன் வாங்குவது ஏன் என்று கேட்பதில்லை. இரவு எட்டு மணிக்கு வீடு போய்ச் சேர வேறு வழி இல்லாததால்தான் வாங்குகிறார்கள். நூலகத்தை மூடிவிட்டு வரும் ஊழியருக்கும், ஆய்வுக்கூடத்தைத் துடைத்துவிட்டுப் போகும் தாய்க்கும் இதே நிலைதான்.

நடப்பதற்கு நாம் சோம்பியவர்கள் அல்லர். தைப்பூச நாளில் கொதிக்கும் தார்ச்சாலையில் வெறுங்காலோடு காவடி சுமக்கும் மக்கள் நாம்; அன்று சாலை நமக்கு வழிவிடுகிறது. மற்ற நாள்களில் நடப்பவர்க்கு விளக்கும் நடைபாதையும் வேண்டும். மிதிவண்டி பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், ஆகவே அதை இன்னொரு மேடைக்கு விட்டுவிடுகிறேன்.

இந்த அவையிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். கடைசி வகுப்பு முடிந்த அரை மணி நேரத்திற்குள் சென் பியேர், கார்த்தியே மிலித்தேர், ஃபிளாக் வழித்தடத்திலும் தெற்குக் கிராமங்களுக்கும் ஒவ்வோர் இணைப்புப் பேருந்து புறப்பட வேண்டும். ஊர் கூடினால்தான் தேர் ஓடும். நிர்வாகம் அட்டவணையைத் தர வேண்டும், பேருந்து நடத்துபவர்கள் வண்டியைத் தர வேண்டும், நாம் ஏறுவோம் என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஏற ஆளில்லை என்ற பதிலைச் சென்ற முறை கேட்டுவிட்டோம். இம்முறை ஆளின் கணக்கோடு போவோம்.

மனுத்தாள்கள் வாயிலருகே மேசையில் இருக்கின்றன. பெயருக்கு எதிரே இரண்டு கட்டங்கள்: ஒன்றில் நீங்கள் இறங்கும் ஊர், மற்றதில் உங்கள் வகுப்போ வேலையோ முடியும் நேரம். இரண்டையும் நிரப்பிவிட்டுத் தேநீர் அருந்தச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.