புதுக் கணினியில் இயங்குதளம் ஏற்றும்போது

நேயர்களுக்கு வணக்கம். பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே ஒரு கணினியைக் கட்டி முடித்துவிட்டீர்கள், பொத்தானை அழுத்தினால் விசிறிகள் சுற்றுகின்றன, திரையில் ஏதோ எழுத்தும் வருகிறது, அடுத்து அதில் ஓர் ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்ற வேண்டும். அந்த வேலையைப் பற்றித்தான் பேசப்போகிறேன். வானொலியில் திரையைக் காட்ட வழியில்லை, அதனால் இந்தப் பொத்தான், அந்தப் பொத்தான் என்று அடுக்கி உங்களைப் படுத்தப் போவதில்லை. எங்கே மாட்டிக்கொள்கிறோம், ஏன் மாட்டிக்கொள்கிறோம் என்பதைச் சொல்லிவிட்டால் மீதியைத் திரையே சொல்லிக்கொடுத்துவிடும்.

நாலைந்து வருடம் நன்றாக ஓடிய கணினியில் விண்டோஸை மறுபடி போடுவது வேறு, புதிதாகக் கட்டிய கணினியில் போடுவது வேறு. பழைய கணினியில் வேலை பாதியில் நின்றால் பென்டிரைவைச் சந்தேகப்படலாம், இறக்கிய கோப்பைச் சந்தேகப்படலாம், அத்தோடு முடிந்தது. புதியதில் அப்படி இல்லை. ராம் என்ற தற்காலிக நினைவகம், எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம், பிராசஸர், பவர் சப்ளை எல்லாமே அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சேர்ந்து வேலை செய்கின்றன, எதுவும் இன்னும் தன்னை நிரூபிக்கவில்லை. நிறுவும்போது உள்ளே நடப்பது என்ன? பென்டிரைவில் பல ஜிபி அளவுக்குச் சுருக்கி வைத்திருப்பதைப் படித்து, ராமில் வைத்து விரித்து, எஸ்எஸ்டியில் எழுதுகிறது. நடுவில் ஒரு பிட் மாறினாலும் போதும், சரிபார்ப்பில் அடிபட்டு, தேவையான கோப்புகளை நிறுவ முடியவில்லை என்று ஒரு செய்தியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். ஆக, இயங்குதளம் ஏற்றுவதுதான் நீங்கள் கட்டிய பெட்டிக்கு வரும் முதல் பரீட்சை. இது தெரியாமல் விண்டோஸை மறுபடி மறுபடி இறக்கிக்கொண்டு, பென்டிரைவை மாற்றிக்கொண்டு, கடைசியில் மைக்ரோசாஃப்டைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். ராமில்தான் கோளாறு இருந்திருக்கும்.

அதனால் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது, ராமின் வேகத்தில் இப்போதைக்குக் கை வைக்காதீர்கள் என்பதுதான். ராம் பெட்டியின் மேல் 6000 என்று பெரிதாகப் போட்டிருக்கும். மதர்போர்டில் செருகியதும் அது அந்த வேகத்தில் ஓடாது, 4800, 5600 மாதிரி ஒரு பாதுகாப்பான வேகத்தில்தான் தொடங்கும். பெட்டியில் இருக்கும் வேகம் வேண்டுமென்றால் பயாஸுக்குள், அதாவது மதர்போர்டின் அமைப்புத் திரைக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை நாம்தான் இயக்க வேண்டும். கணினி கட்டுவதைச் சொல்லித்தரும் வீடியோக்களில் பல, முதல் வேலையாக அதை இயக்கச் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. நேரடியாகச் சொன்னால் அது ஓவர்கிளாக்கிங், அதாவது நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது. எல்லாப் பிராசஸரும் எல்லா மதர்போர்டும் அதைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. இயங்குதளம் ஏறி, எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்தபிறகு ஆற அமரச் செய்துகொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

ராம் பேச்சு வந்ததால் இன்னொன்று. டிடிஆர்5 என்ற புதிய வகை ராம் போட்ட கணினியை முதல்தடவை இயக்கும்போது திரை வெறுமையாகச் சில நிமிடம்கூட இருக்கும். விசிறி சுற்றும், விளக்கு எரியும், திரையில் ஒன்றும் வராது. பயப்படாதீர்கள், ராமோடு எந்த நேரக்கணக்கில் பேசினால் சரியாக வரும் என்று மதர்போர்டு தானே முயன்று பார்த்துக்கொண்டிருக்கிறது. இதற்கு மெமரி டிரெயினிங் என்று பெயர். பொறுமையில்லாமல் மின்சாரத்தை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ரொம்ப நேரமாகியும் ஒன்றும் வரவில்லையென்றால், வயரை மதர்போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐயில் செருகியிருக்கிறீர்களா, கிராஃபிக்ஸ் கார்டில் செருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தால் வயர் அதில்தான் போக வேண்டும். அப்புறம், பல மதர்போர்டுகளின் ஓரத்தில் சின்னதாக நான்கு விளக்குகள் இருக்கும்: பிராசஸருக்கு சிபியு, ராமுக்கு டிராம், கிராஃபிக்ஸுக்கு விஜிஏ, இயங்குதளம் தொடங்குவதற்கு பூட். முதல் மூன்றில் ஒன்று அணையாமல் நின்றால் அந்தப் பாகத்தைக் கவனிக்க வேண்டும். பூட் விளக்கு மட்டும் எரிந்தால் அநேகமாக ஒரு கோளாறும் இல்லை, ஏற்றுவதற்கு இயங்குதளம் எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்கிறது, அவ்வளவுதான். உண்மையில் அந்த விளக்கைப் பார்த்தால் நீங்கள் சந்தோஷப்படலாம்.

பயாஸ் என்று நாம் எல்லோரும் பழக்கத்தில் சொன்னாலும் இன்றைய மதர்போர்டில் இருப்பது யுஇஎஃப்ஐ. இன்டெல் தன் இட்டேனியம் பிராசஸருக்காக உருவாக்கிய இஎஃப்ஐயிலிருந்து வந்தது அது, 2005இல் பல நிறுவனங்கள் சேர்ந்து அதைப் பொதுத் தரமாக்கின. பழைய பயாஸ் முறையோடு ஒட்டி வந்தது எம்பிஆர் என்ற வட்டுப் பகிர்வு, 2 டெராபைட்டுக்கு மேல் அதற்குக் கணக்குத் தெரியாது. யுஇஎஃப்ஐயோடு வந்த புதிய பகிர்வு ஜிபிடி. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பூட் மெனுவைத் திறந்தால் ஒரே பென்டிரைவ் சில சமயம் இரண்டு தடவை தெரியும், ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ என்று போட்டிருக்கும். அதைத்தான் தேர்வு செய்ய வேண்டும். மற்றதைத் தேர்ந்தெடுத்தால் பழைய முறையில் ஏறப் பார்க்கும், பாதி வழியில் இந்த வட்டில் நிறுவ முடியாது, இது ஜிபிடி என்று வந்து நிற்கும். சிஎஸ்எம் என்ற பழைய முறை ஆதரவை பயாஸில் அணைத்துவைத்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

பயாஸுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தால் அதையும் இந்தக் கட்டத்திலேயே ஏற்றிவிடுவது நல்லது. இயங்குதளம் ஏறியபிறகு செய்தால் என்ன சிக்கல் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

சரி, பென்டிரைவுக்கு வருவோம். விண்டோஸுக்குக் குறைந்தது 8 ஜிபி வேண்டும், அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துபோகும், கல்யாணப் போட்டோ வைத்திருக்கும் பென்டிரைவை எடுத்துவிடாதீர்கள். வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து அவர்களுடைய மீடியா கிரியேஷன் டூலை இறக்கினால் அதுவே எல்லாவற்றையும் செய்துகொடுக்கும். கையில் இருப்பது மேக் அல்லது லினக்ஸ் கணினி என்றால் கொஞ்சம் சுற்றுவழி. யுஇஎஃப்ஐ நிச்சயமாகப் படிக்கக்கூடிய வடிவம் ஃபேட்32, அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரு கோப்பு நிற்காது, விண்டோஸின் முக்கியமான கோப்போ பெரும்பாலும் அதைத் தாண்டிவிடுகிறது. அதனால் ஐஎஸ்ஓவை, அதாவது இயங்குதளம் முழுவதும் ஒரே கோப்பாக இருப்பதை, திறந்து உள்ளே இருப்பதை அப்படியே பென்டிரைவில் போடுவது பல சமயம் நடக்காது. லினக்ஸில் வென்டாய் என்று ஒரு கருவி இருக்கிறது, விண்டோஸிலும் ஓடும். அதைப் பென்டிரைவில் ஒருமுறை ஏற்றிவிட்டால் பிறகு எத்தனை ஐஎஸ்ஓ வேண்டுமானாலும் சாதாரணக் கோப்பு மாதிரி போட்டுவைத்து, கணினி தொடங்கும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். விண்டோஸிலிருந்து தயாரிப்பவர்களுக்கு ரூஃபஸும் நல்ல கருவி. எதை இறக்கினாலும் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்குங்கள். வேறு எங்கோ இலவசமாகக் கிடைக்கும் வெட்டி ஒட்டிய விண்டோஸில் கூடவே என்னென்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது, நிறுவும் நேரத்தில் கணினியில் ஒரே ஒரு டிரைவ் மட்டும் இருக்கட்டும். பழைய ஹார்ட் டிஸ்க், இன்னொரு எஸ்எஸ்டி எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிடுங்கள். தப்பான டிரைவை அழித்துவிடுவோம் என்பது மட்டும் காரணமில்லை. பழைய டிரைவில் ஏற்கெனவே ஒரு இஎஃப்ஐ பகுதி இருந்தால், விண்டோஸ் தன்னைப் புது எஸ்எஸ்டியில் போட்டுக்கொண்டு, தொடங்குவதற்கான சின்னக் கோப்புகளை மட்டும் அந்தப் பழைய டிரைவில் கொண்டுபோய் வைத்துவிடக்கூடும். எல்லாம் நன்றாகத்தான் ஓடும். ஒரு வருடம் கழித்து அந்தப் பழைய டிஸ்க் எதற்கு என்று கழற்றுவீர்கள், அன்றைக்குக் கணினி எழுந்திருக்காது.

இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு, போட்டிருக்கும் ஒரு டிரைவையே விண்டோஸ் நிறுவி, அதாவது நிறுவும் நிரல், காட்டாது. பயாஸில் தெரிகிறது, விண்டோஸ் நிறுவும் திரையில் பட்டியல் காலி. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த கணினிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று கடைக்குத் திரும்பிப் போகாதீர்கள். விஎம்டி என்று ஒரு அமைப்பு பயாஸில் இயங்கிக்கொண்டிருக்கும். அதற்கான டிரைவர், அதாவது அதோடு பேச உதவும் மென்பொருள், விண்டோஸ் நிறுவியிடம் இல்லையென்றால் பின்னால் இருக்கும் எஸ்எஸ்டி அதன் கண்ணுக்குத் தெரியாது. ஒன்று, இன்டெல்லின் அந்த டிரைவரைப் பென்டிரைவில் போட்டு, அதே திரையில் டிரைவர் ஏற்றும் பொத்தானை அழுத்திக் காட்டலாம். அல்லது விஎம்டியை அணைத்துவிடலாம். பல டிரைவ்களை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு எதுவும் வைக்காத வீட்டுக் கணினிக்கு அது தேவையில்லை, நான் அணைக்கத்தான் சொல்வேன், ஆனால் விண்டோஸ் ஏறுவதற்கு முன்னால். ஏறியபிறகு அணைத்தால் விண்டோஸே தொடங்காமல் போகலாம்.

டிரைவ் தெரிந்துவிட்டதா, காலி இடத்தைத் தேர்ந்து அடுத்து என்று அழுத்துங்கள், போதும். வேண்டிய பகுதிகளை அதுவே பிரித்துக்கொள்ளும். சி, டி, இ என்று மூன்றாக வெட்டுவது பழைய காலத்துப் பழக்கம், ஒரே எஸ்எஸ்டிக்குள் வெட்டுவதால் வேகமும் கூடாது, டிரைவ் போனால் மூன்றும் சேர்ந்துதான் போகும். அப்புறம் கோப்புகளை எழுதி முடித்துவிட்டுக் கணினி தானாக அணைந்து எழும். அந்த நேரத்தில் பென்டிரைவ்தான் முதலில் தொடங்கும்படி இருந்தால் மொழியைத் தேர்வு செய்யுங்கள் என்று முதல் திரை திரும்பவும் வந்து நிற்கும். நிறைய பேர் இது ஏதோ தோல்வி என்று நினைத்து மறுபடி எல்லாவற்றையும் ஆரம்பிக்கிறார்கள். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள், விட்ட இடத்திலிருந்து போகும்.

விண்டோஸ் 11 என்றால் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகள், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் என்று நிபந்தனைகள் உண்டு. இப்போது வாங்கும் பாகங்களில் இதெல்லாம் பிரச்சினையே இல்லை, டிபிஎம் பிராசஸரோடு சேர்ந்தே வருகிறது, பயாஸில் பிடிடி அல்லது எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். விண்டோஸ் 10 நன்றாகத்தானே இருந்தது என்பவர்களுக்கு, 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு அதற்கான பொது ஆதரவு முடிந்துவிட்டது, புதுக் கணினியில் அதைப் போடுவதில் அர்த்தமில்லை. பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். விண்டோஸ் 11 முதல் அமைப்பின்போது இணையம் கேட்கும், உங்கள் மதர்போர்டின் வைஃபை சிப்போ புத்தம் புதியது, அதற்கான டிரைவர் விண்டோஸில் இல்லை. இணையம் இல்லாமல் டிரைவர் இறங்காது, டிரைவர் இல்லாமல் இணையம் வராது. மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து வைஃபை, லேன் டிரைவர்களை முன்கூட்டியே பென்டிரைவில் போட்டுவைத்தால் இந்தச் சுழலில் விழ வேண்டாம். மறந்துபோயிருந்தால் ஆண்ட்ராய்டு ஃபோனை யுஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங்கை இயக்கிப் பாருங்கள், அநேகமாக எந்த டிரைவரும் கேட்காமல் இணையம் வந்துவிடும்.

லினக்ஸ் போடுபவர்களுக்குப் பெரிய வசதி, நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து முழு இயங்குதளத்தையும் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை வருகிறதா, சத்தம் வருகிறதா, திரை முழு அளவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு நிறுவலாம். விண்டோஸ்தான் போடப்போகிறீர்கள் என்றாலும் உபுண்டு அல்லது மின்ட் மாதிரி ஒரு லினக்ஸ் பென்டிரைவ் கையில் இருந்தால், பாகத்தில் கோளாறா, விண்டோஸில் கோளாறா என்று பிரித்துப் பார்க்க உதவும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பாகங்கள் எவ்வளவு புதியவையோ அவ்வளவு புதிய கெர்னல், அதாவது லினக்ஸின் மையப்பகுதி, வேண்டும், இரண்டு வருடத்துக்கு முந்தைய பதிப்பைப் போட்டுவிட்டு லினக்ஸில் வைஃபை வரவில்லை என்றால் எப்படி வரும்?

இரண்டையும் வைத்துக்கொள்ள விரும்பினால் விண்டோஸை முதலில் போடுங்கள், பிறகு லினக்ஸ். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கடிகாரம் சில மணிநேரம் தள்ளிக் காட்டினால் பேட்டரியைச் சந்தேகப்பட வேண்டாம். மதர்போர்டில் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் சண்டை தீர்ந்துவிடும்.

இப்போது பயாஸ் விஷயம். புதிதாக ஏற்றிய விண்டோஸ் 11இல் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், பல கணினிகளில் வட்டு முழுவதும் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. உங்களிடம் கேட்காது. அதன் திறவுகோல் 48 இலக்க எண், உங்கள் கணக்கில் சேமித்துவைக்கப்படும். பிறகு ஒருநாள் பயாஸை மேம்படுத்தினாலோ டிபிஎம் அமைப்பை மாற்றினாலோ, கணினி தொடங்கும்போது நீல நிறத் திரையில் அந்த 48 இலக்கத்தைக் கேட்டு நிற்கும். அந்த எண்ணும் கையில் இல்லாமல், கணக்குக்குள்ளும் நுழைய முடியாமல் போனால் உள்ளே இருப்பதை எடுக்க வழியில்லை. அதனால் விண்டோஸ் ஏறிய அன்றைக்கே அந்த எண்ணைத் தாளில் எழுதிக் கணினிக்கு வெளியே எங்கேயாவது வையுங்கள்.

அது பத்திரமாக இருந்தால், அப்டேட்டுகள் எல்லாம் இறங்கி, விண்டோஸின் பாகப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் கோளாறைக் காட்டும் மஞ்சள் குறி எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு, கழற்றிவைத்த டிரைவ்களை மாட்டலாம். கணினியை அணைத்து, மின்சார வயரைப் பிடுங்கிவிட்டுத்தான். எல்லாவற்றுக்கும் பிறகு ராமின் வேகம். எக்ஸ்போவையோ எக்ஸ்எம்பியையோ இயக்குங்கள், மெம்டெஸ்ட்86+ என்ற இலவசக் கருவியைப் பென்டிரைவிலிருந்து ஓட்டி இராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் ஒரு பிழைகூட இல்லையென்றால் அந்த வேகத்திலேயே இருக்கட்டும். ஒன்றே ஒன்று காட்டினாலும் 6000ஐ 5600க்கு இறக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள், சாதாரண வேகத்திலும் பிழை வந்தால் அந்த ராமைக் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். வணக்கம்.