தேன் பாட்டில் மூடி தெறிச்ச கதை

(மார்த்தாண்டம் பக்கத்துல ஒரு சின்ன காலேஜ்ல, மாணவர் ஆய்வு நாள் அன்னைக்குப் பேசினது. எழுதிக் கொடுங்கன்னு பிள்ளைங்க கேட்டதால பேசினபடியே எழுதியிருக்கேன்.)

பிரின்சிபால் மேடம், சார்மார், டீச்சர்மார், லேப் அட்டெண்டர் அண்ணன், ஆபீஸ்ல இருந்து வந்து பின்னால நிக்கிறவங்க, அப்புறம் மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

காலையில சீக்கிரமே வந்துட்டேன், வராந்தாவுல நீங்க ஒட்டி வச்சிருக்கிற போஸ்டர் ஒவ்வொண்ணையும் நின்னு படிச்சேன், உழைப்பு தெரியுது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒரு விஷயம் மனசுல கெடந்து உறுத்துது, அதை முதல்லயே சொல்லிடுறேன். பாதி போஸ்டர்ல தலைப்பை மட்டும் பாத்தா இது குமரி மாவட்டத்துல உள்ள காலேஜா, டெல்லியில உள்ள காலேஜான்னு கண்டுபிடிக்க முடியாது. நம்ம மழையும் கடலும் மலையும் ரப்பரும் ஒண்ணும் அதுக்குள்ள வரல. கடைசியில படிக்கட்டுப் பக்கம் ஒட்டியிருந்த அந்த ஒரு போஸ்டர், காய்ச்சலுக்கு ஆச்சிமார் போடுற ஆவிக்கு என்னென்ன இலை சேக்குறாங்கன்னு வீடு வீடா கேட்டு எழுதினது, அதுக்கு முன்னாடி நான் ரொம்ப நேரம் நின்னேன். அதைப் பண்ணின பிள்ளை தமிழ் டிபார்ட்மென்டாம், இலையைக் காட்டிப் பேரு கண்டுபிடிக்க பாட்டனி டீச்சர்கிட்ட போச்சாம். இன்னைக்கு நான் பேச வந்ததே அதைப் பத்திதான்.

ஒரு பழைய சங்கதி சொல்லுகேன். 1909-ல ஷோம்பர்க்னு ஒரு ஜெர்மன் கெமிஸ்ட், நம்ம திருவிதாங்கூர் கரையில இருந்து கப்பல்ல போன கயித்துல ஒட்டியிருந்த மணலை எடுத்துப் பாத்தாரு, அதுல மோனசைட்டுங்கிற தாது இருக்குன்னு கண்டுபிடிச்சாரு. அப்போ கேஸ் விளக்கு காலம், விளக்குல வலை மாதிரி மாட்டி எரியிற மேன்டிலுக்கு தோரியம் வேணும், தோரியம் மோனசைட்டுக்குள்ள இருக்கு, அதனால கொஞ்ச நாள்லயே மணவாளக்குறிச்சியில மணல் பிரிக்கிற ஆலை வந்துட்டு. அந்தக் கயித்தைத் திரிச்சது யாரு? நம்ம ஆச்சிமார்தான். கையில ஒட்டின கருமணலைத் தட்டிவிட்டுட்டு போய் கஞ்சி குடிச்சிருப்பாங்க. அவங்க மேல ஒரு குறையும் இல்ல மக்களே, கூலிக்குத் திரிக்கிற கைக்கு மணலை உத்துப்பாக்க நேரம் ஏது. ஆனா நமக்கு இப்போ நேரம் இருக்கு, லேப் இருக்கு, கேட்டா சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கு. நம்ம வீட்டுக் கயித்துல ஒட்டினதை இன்னும் வேற யாரோ வந்துதான் பாக்கணுமா?

இனி தேன் கதைக்கு வாறேன், இதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும்.

நான் விலங்கியல் வாத்தியார், இதே மாதிரி ஒரு சின்ன காலேஜ்ல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். ஒரு மார்ச் மாசம், செகண்ட் இயர் படிச்ச ஒரு பிள்ளை கிளாசுக்கு லேட்டா வந்துச்சு, சுடிதார் கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு. என்னம்மான்னு கேட்டா, பையில கொண்டுவந்த தேன் பாட்டில் பஸ்ல வச்சு மூடி தெறிச்சிட்டு சார்ங்குது. ஹாஸ்டல் பிரெண்டுக்கு அம்மா குடுத்துவிட்ட தேனாம். பாட்டிலைக் கையில வாங்கிப் பாத்தேன், மேல நுரை கட்டியிருக்கு, மோந்து பாத்தா கள்ளு மாதிரி ஒரு புளிச்ச வாடை. கிளாஸ்ல எல்லாரும் சிரிச்சாங்க, கலப்படத் தேனுன்னான் ஒரு பையன். அந்தப் பிள்ளைக்குக் கண்ணு கலங்கிட்டு, எங்க அம்மா கலக்க மாட்டாங்க சார், பெட்டியில இருந்து எடுக்கும்போது நானும் கூட நின்னேன்னு சொல்லுது.

எனக்கு அந்தப் பிள்ளை சொன்னது பொய்யில்லன்னு பட்டுது. எங்க அப்பாவும் தேன்பெட்டி வச்சிருந்தவர். நம்ம மார்த்தாண்டத்துல 1920-கள்ல ஒய்.எம்.சி.ஏ. மூலமா ஸ்பென்சர் ஹாட்ச்னு ஒருத்தர் கிராம முன்னேற்ற வேலை ஆரம்பிச்ச காலத்துல இருந்தே தேனீ வளர்ப்பு இங்க வீட்டுத்தொழில், அதுக்குப் பிறகுதான் ஊர் ஊரா பெட்டி பரவுச்சு. சரி, இப்போ கேள்வி என்னன்னா கலக்காத தேன் ஏன் புளிக்குது. விலங்கியல்ல எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்: தேனீ கொண்டு வர்ற இனிப்புச் சாறுல தண்ணி அதிகம், அதைக் கூட்டுக்குள்ள வச்சு ரெக்கையால விசிறி விசிறி வத்த வைக்கும், பக்குவம் வந்தபிறகு மெழுகால அறையை மூடும். மூடாத தேனடையில இருந்து எடுத்தா தண்ணி கூடுதலா இருக்கும், அப்போ ஈஸ்ட் வேலை செய்யும், கேஸ் உண்டாகும், மூடி தெறிக்கும்.

அதோட நான் நிறுத்தியிருக்கலாம். ஆனா அந்தப் பிள்ளை விடல. ரப்பர் பூக்கிறதுக்கு முன்னாடியே தேன் வருதே சார், அது எப்படின்னு கேட்டுச்சு. எனக்கு சரியா சொல்லத் தெரியல, ரெண்டு பேரும் பாட்டனி டிபார்ட்மென்டுக்குப் போனோம். அந்த டீச்சர் ஒரு ரப்பர் தளிரை ஒடிச்சு வந்து லென்சுக்கு அடியில வச்சாங்க. மூணு இலையும் ஒரு காம்புல சேருற இடத்துல குட்டி குட்டியா மொட்டு மாதிரி சுரப்பி, அதுல துளித்துளியா பளபளன்னு நிக்குது. ரப்பர் தேன் பூவுல இருந்து வர்றது இல்ல, தளிர் இலைக்காம்புல இருந்து வருது. இலை உதிர்ந்து ஜனவரி பிப்ரவரியில துளிர்க்கும்போதுதான் அந்த ஊத்து, இலை முத்திட்டா நின்னு போவும். அந்தப் பிள்ளை ரப்பர் தோட்டத்துக்கு நடுவுல பிறந்து வளர்ந்தது, அன்னைக்குதான் முதல்தடவை அதைப் பாத்துச்சு, உண்மையைச் சொன்னா நானும் அன்னைக்குதான் கண்ணால பாத்தேன்.

அப்புறம் பிசிக்ஸ் சார். ஈரப்பதம் அளக்கணும்னா என்ன செய்யன்னு கேட்டோம், அலமாரியைத் திறந்து ரிஃப்ராக்டோமீட்டரை எடுத்துத் துடைச்சாரு, ஒரு சொட்டு தேனை வச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா ஒளி எவ்வளவு வளையுதுன்னு வச்சு தண்ணி எவ்வளவுன்னு சொல்லிடலாம், தண்ணி கூடக் கூட வளைவு குறையும். தேன்ல ஈரம் 20 சதவீதத்துக்கு மேல போகக்கூடாதுங்கிறது பொதுவான தரக்கணக்கு. அந்தப் பாட்டில் அதைத் தாண்டி நின்னுச்சு. மூடின அடையில இருந்து தனியா எடுத்ததைப் பாத்தோம், கணக்குக்குள்ள வந்துச்சு. விஷயம் முடிஞ்சுதுன்னு நாங்க நினைச்சோம்.

ஆனா உண்மையான கேள்வியைக் கேட்டது காமர்ஸ் சார். கேன்டீன்ல சாயா குடிச்சுக்கிட்டு இருக்கும்போது இந்தக் கதையைச் சொன்னேன், அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு: அம்மாவுக்குத் தெரியாதா, மூடின பிறகு எடுக்கணும்னு? நான் அப்படியே நின்னுட்டேன். அடுத்த சனிக்கிழமை அந்த வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா சிரிச்சாங்க. அவங்க சொன்னதை அப்படியே சொல்லுகேன், தண்ணியைத்தான் எங்க பக்கம் வெள்ளம்னு சொல்லுவாங்க: "தெரியாம இருக்குமா சாரே, வெள்ளம் கூடுதலு, புளிக்கும்னு எனக்குத் தெரியும், ஆனா குழுக்கடனுக்கு மாசம் பத்தாம் தேதி தவணை கட்டணும்லா, அடை மூடுற வரை பொறுக்க எனக்க கையில பைசா வேண்டாமா?"

மக்களே, யோசிச்சுப் பாருங்க. தேன் புளிச்சதுக்குக் காரணம் ஈஸ்ட்டுன்னு நான் எழுதியிருப்பேன், ஈரப்பதம்னு பிசிக்ஸ் சார் எழுதியிருப்பாரு, ரெண்டும் சரிதான். ஆனா அடை மூடுறதுக்கு முன்னாடி எடுக்க வச்சது பத்தாம் தேதி தவணை. அது எந்த லேப்லயும் தெரியாது, அந்த வீட்டுத் திண்ணையில உக்காந்தாதான் தெரியும். பெரிய யுனிவர்சிட்டியில டிபார்ட்மென்டுக்கு டிபார்ட்மென்ட் ஒரு பில்டிங், ஒருத்தரை ஒருத்தர் வருஷத்துல ஒருநாள் பாத்தா உண்டு. இங்க நமக்கு ஒரே வராந்தா, ஒரே கேன்டீன், ஒரே ஸ்டாஃப் பஸ். சின்ன காலேஜ்ல ஒண்ணும் நடக்காதுன்னு சொல்றவங்களுக்கு என் பதில் இந்த சாயாக் கடை பெஞ்சுதான்.

அந்தப் பிள்ளை புராஜெக்ட் எழுதினப்போ முதல் பக்கத்துல தன் பேருக்குக் கீழ அம்மா பேரையும் போட்டுச்சு. ஃபார்மேட்ல இல்லன்னு ஒருத்தர் அடிக்கச் சொன்னாரு, நான் அடிக்க விடல. இதுல நான் ரொம்ப பிடிவாதக்காரன், காரணத்தைச் சொல்லிடுறேன். பேச்சிப்பாறைக்கு மேல மலையில காணின்னு சொல்ற பழங்குடி மக்கள் இருக்காங்க, உங்கள்ல சில பேர் கூடப் படிக்கிறாங்க. 1987-ல கேரளத்துப் பக்கம் அகத்தியமலையில விஞ்ஞானிகள் சில பேர் காணிகளைக் கூட்டிக்கிட்டு ஆய்வுக்குப் போனாங்க. மலை ஏறி இவங்க தளர்ந்து போறாங்க, கூட வந்த காணிகள் ஏதோ ஒரு காயைத் தின்னுக்கிட்டு சளைக்காம நடக்குறாங்க. என்னன்னு கேட்டா முதல்ல சொல்லல, அது அவங்க குலத்து அறிவு. பிறகு காட்டிக் கொடுத்தாங்க, ஆரோக்கியப்பச்சைன்னு ஒரு செடி. பாலோடு தாவரவியல் ஆய்வு நிலையத்துல அதை வச்சு ஜீவனின்னு மருந்து செஞ்சாங்க, மருந்துக்கம்பெனிகிட்ட வாங்கின லைசென்ஸ் காசுலயும் ராயல்டியிலயும் பாதி காணிகளுக்குன்னு முடிவாச்சு, 1997-ல அதுக்குன்னு ஒரு டிரஸ்டும் வந்துச்சு. அந்த ஏற்பாட்டுல குறைகளும் இருந்துச்சு, எல்லா காணிகள்கிட்டயும் கேக்கலைங்கிற வருத்தமும் இருந்துச்சு. ஆனாலும் காட்டிக் கொடுத்தவனுக்கும் பங்கு உண்டுன்னு உலகம் பேசத் தொடங்கினதுல அது ஒரு முக்கியமான இடம். நீங்க வீடு வீடா போய் ஆச்சிமார்கிட்ட இலை பேரு கேக்குறீங்கல்லா, அந்த ஆச்சி பேரு உங்க நோட்டுல இருக்கணும், அவங்க சம்மதிச்சா போஸ்டர்லயும் இருக்கணும்.

ஆர்ட்ஸ் பிள்ளைங்க இதெல்லாம் சயின்ஸ்காரங்களுக்குன்னு நினைச்சுக்கிட்டு இருக்கக்கூடாது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, தேரூர்க்காரர், 1876-ல பிறந்தவர், பள்ளிக்கூட வாத்தியார் வேலை பாத்துக்கிட்டே கல்வெட்டு கல்வெட்டா தேடி நடந்தவர். நாம குழந்தைப் பாட்டோட அவரை நிறுத்திட்டோம், அது எனக்குப் பெரிய மனக்குறை. அழகியபாண்டியபுரத்துப் பெரிய வீட்டு முதலியார் குடும்பத்துல கிடந்த ஓலைகளைப் பிரதி எடுத்தவரும் அவர்தான். அந்த ஓலையில நிலம் இருக்கு, வரி இருக்கு, ஆளை அடிமையா வித்த கணக்கு கூட இருக்கு. ஒரு எக்கனாமிக்ஸ் பிள்ளையும் ஒரு ஹிஸ்டரி பிள்ளையும் தமிழ் டிபார்ட்மென்ட்ல ஓலை வாசிக்கத் தெரிஞ்ச ஒருத்தரும் சேர்ந்து உக்காந்தா அதுல எவ்வளவு வேலை கிடக்கு! கடலோரத்துப் பிள்ளைகளே, உங்க அப்பாமார் நடுக்கடல்ல மலை உச்சியையும் சர்ச் கோபுரத்தையும் ஒரே கோட்டுல பிடிச்சு, இன்னொரு பக்கம் இன்னொரு கோடு பிடிச்சு, ரெண்டும் வெட்டுற இடத்துல அடியில பாருன்னு சொல்ற கடல்பாறை இருக்குன்னு சொல்லி தூண்டில் போடுவாங்களே, அது சுத்தமான ஜியாமெட்ரி. ஜிபிஎஸ் வந்தபிறகு இளைஞர்களுக்கு அது தேவைப்படல. மேத்ஸ் டிபார்ட்மென்ட் போஸ்டர்ல அது ஒண்ணு கூட இல்ல, அடுத்த வருஷம் இருக்கணும்னு ஆசைப்படுறேன்.

சார்மாருக்கும் டீச்சர்மாருக்கும் ரெண்டு வார்த்தை, சின்னவங்க முன்னாடி சொல்றதுக்கு மன்னிக்கணும். பிரமோஷனுக்குப் பேப்பர் வேணும், வாரம் முழுக்க கிளாஸ், காலேஜ் தரம் பாக்குற நாக் ஃபைல், அட்மிஷன் வேலை, இதுக்கு நடுவுல எங்க ஆராய்ச்சின்னு கேப்பீங்க, நியாயம்தான். நானும் அப்படி ஒரு நெருக்கடியில, மூணு நாள்ல போட்டுத் தாறோம்னு மெயில் அனுப்பின ஒரு ஜர்னலுக்குப் பணம் கட்டியிருக்கேன். ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா அந்த வெப்சைட்டே இல்ல, என் பேப்பரும் இல்ல. ஆறு மாசம் ஒரு குளத்துல நின்னு நத்தை எண்ணின வேலை அது. இன்னைக்கும் அதை நினைச்சா வலிக்கும். 2019-ல நம்பகமான ஜர்னல்களுக்கு யுஜிசி கேர் லிஸ்ட்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, 2025-ல அதையும் எடுத்துட்டாங்க, அதனால எது நல்ல ஜர்னல்னு பாக்குற பொறுப்பு இப்போ நம்ம தலையிலதான். தலைப்பு எடுக்குறதுக்கு முன்னாடி ஷோத்கங்காவுல தேடுங்க, நாடு முழுக்க உள்ள பிஎச்டி தீசிஸ் காசில்லாம படிக்கக் கிடக்கு. உடனே பேப்பர் ஆகாத வேலையையும் பிள்ளைகளோட சேர்ந்து செய்யுங்க. சுசீந்திரம் தேரூர் குளமும் வேம்பனூர் குளமும் 2022-ல ராம்சார்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்ல வந்தாச்சு, பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு ஒரு பைனாகுலரும் ஒரு நோட்டும் போதும், வருஷா வருஷம் விடாம எண்ணி வச்சா பத்து வருஷம் கழிச்சு அதுக்கு ஈடா ஒண்ணும் இருக்காது.

ஒரே ஒரு விஷயம் மிச்சம் இருக்கு. 1991, 92-ல தாய்லாந்து சாக்புரூட்னு தேனீயைத் தாக்குற ஒரு வைரஸ் வந்துச்சு, எங்க வீட்டுல காலையில பெட்டியைத் திறந்தா புழுவெல்லாம் வெள்ளம் கோத்த பை மாதிரி தலையைத் தூக்கிக்கிட்டு செத்துக் கிடக்கும், ஈ கூட்டை விட்டு ஓடிரும். தென்னிந்தியா முழுக்க பெட்டி பெட்டியா காலியாச்சு. எங்க அப்பா காலிப் பெட்டிகளை அடுக்கி வச்சுட்டு ஒண்ணும் பேசாம உக்காந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. வைரசுக்கு மருந்து இல்ல. தாக்குப்பிடிச்சு நின்ன கூடுகள்ல இருந்து பெருக்கித்தான் தொழில் திரும்பி வந்துச்சு. எந்தக் கூடு நின்னுச்சு, எந்தக் கூடு போச்சுன்னு பாத்து வச்சது பெட்டிக்காரங்கதான், அவங்க மனசுல இருந்த கணக்கை அப்போ எங்க ஊர்ல யாரும் போய் எழுதி வாங்கல. காலேஜ்ல படிச்சுக்கிட்டு இருந்த நானும் எழுதல.

அதனாலதான் இன்னைக்கு நான் தனியா வரல. மூணாவது வரிசையில பச்சை சேலை கட்டி உக்காந்திருக்காங்களே, அவங்கதான் அந்தத் தேன் பாட்டில் அம்மா. முழுசா மூடின அடை ஒண்ணும், பாதி மூடின அடை ஒண்ணும் மரச்சட்டத்தோட கொண்டு வந்திருக்காங்க, கையில வாங்கிப் பாருங்க, வித்தியாசம் தெரியும். அவங்க ஊருக்கு நாலரை மணிக்குதான் பஸ், அதுவரைக்கும் என்ன வேணாலும் கேளுங்க. எக்கா, இங்க வாங்க, மைக்கைப் பிடிங்க.