மூன்று மாநிலங்கள் அனுப்பிய செனட்டர்

தலைவர் அவர்களே, சட்டக் கல்லூரி மாணவ மாணவியரே, அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்க செனட் சபையில் மூன்று வெவ்வேறு மாநிலங்களின் சார்பில் அமர்ந்தவர் இன்றுவரை ஒரே ஒருவர்தான். அவர் அந்த மண்ணில் பிறந்தவர் அல்லர் என்பதால்தான் இன்று அவரைப் பற்றிப் பேச வந்தேன். பெயர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ். அயர்லாந்தின் டைரோன் பகுதியில் 1806இல் பிறந்தார். இருபது வயது வாக்கில் கடல் கடந்து வந்து, இல்லினாய் மாநிலத்தின் கஸ்காஸ்கியா ஊரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். வந்தேறி என்று ஒருவரை ஒதுக்கச் சட்டம் எதுவரை துணைபோகும், எந்த இடத்தில் கைவிரித்துவிடும் என்பதை இவருடைய வாழ்க்கையில் தேதிவாரியாகப் பார்க்கலாம்.

1836இல் மாநிலச் சட்டமன்றத்துக்குச் சென்றார். பிறகு மாநிலக் கணக்குத் தணிக்கையாளர் ஆனார். 1842இல் மாநில வங்கி நொடித்துப்போனது. அதன் நோட்டுகளை வரியாக வாங்கக் கூடாது, தங்கமும் வெள்ளியும்தான் வேண்டும் என்ற நிலையை ஷீல்ட்ஸ் எடுத்தார். மக்களுக்கு ஆத்திரம். உள்ளூர்ப் பத்திரிகையில் 'ரெபெக்கா' என்ற புனைபெயரில் அவரைக் கிண்டல் செய்து கடிதங்கள் வந்தன. அவற்றில் ஒன்றை எழுதியவர் ஆபிரகாம் லிங்கன்!

ஷீல்ட்ஸ் முன்கோபக்காரர். நேருக்கு நேர் சண்டைக்கு அழைத்துவிட்டார். ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை லிங்கனுக்கு. குதிரைப்படையினரின் அகன்ற வாள். நடுவே தரையில் ஒரு பலகை. அதை இருவரும் தாண்டக் கூடாது. லிங்கனின் நெடிய கைக்கு முன்னால் அந்த நிபந்தனையில் ஷீல்ட்ஸுக்கு என்ன வாய்ப்பு இருந்திருக்கும், சொல்லுங்கள்! இல்லினாயில் இத்தகைய சண்டைக்குத் தடை. ஆகவே மிசிசிப்பி ஆற்றில் மிசூரி பக்கத்துத் தீவு ஒன்றுக்குச் சென்றார்கள். வாள்கள் வந்து சேர்ந்தன, ஆட்களும் கூடினார்கள். நல்லவேளையாக நண்பர்கள் இடையில் புகுந்து சமாதானம் செய்துவைத்தார்கள்.

அதன்பின் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி, மத்திய நில அலுவலக ஆணையர் என்று பதவிகள் வந்தன. மெக்சிகோ போரில், 1847இல் செர்ரோ கோர்டோ சண்டையில் மார்பில் குண்டு பாய்ந்தும் பிழைத்துக்கொண்டார். போர் வீரராகத் திரும்பியவரை இல்லினாய் சட்டமன்றம் செனட்டுக்குத் தேர்ந்தெடுத்தது. அக்காலத்தில் செனட்டர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை.

மாணவர்களே, இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். செனட்டராக வேண்டுமானால் ஒன்பது ஆண்டுகள் குடிமகனாக இருந்திருக்க வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். ஷீல்ட்ஸ் குடியுரிமை பெற்றது 1840 அக்டோபர் 21. செனட்டில் வந்து அமர்ந்தது 1849 மார்ச். சில மாதங்கள் குறைகின்றன. தாமே விலகிக்கொள்வதாகக் கடிதம் கொடுத்தார். செனட் அதை ஏற்கவில்லை. விலகலை ஏற்றால், தேர்தல் செல்லும் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? மார்ச் 15 அன்று, அந்தத் தேர்தல் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று தீர்மானித்தது. நாட்டுக்காகக் குண்டு வாங்கிய மனிதரிடம் நாள்கணக்குப் பார்த்தார்கள். சட்டப்படி அது சரி. அதையும் நான் சொல்லியாக வேண்டும்.

இல்லினாய் என்ன செய்தது? அக்டோபர் 27 அன்று அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தது. ஒன்பது ஆண்டு நிறைந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவர் வெளியேற்றப்பட்டதால் காலியான இடத்துக்கு அவரே திரும்பி வந்தார். எனக்கு உடல் சிலிர்க்கும் இடம் இது.

ஆனால் அவரைப் புகழ்ந்துவிட்டு மட்டும் இறங்கிவிட மனம் வரவில்லை. 1854இல் கான்சாஸ்–நெப்ராஸ்கா சட்டத்துக்கு அவர் ஆதரவளித்தார். புதிய நிலப்பகுதிகளில் அடிமைமுறை வேண்டுமா என்பதை அங்கே குடியேறுகிறவர்களே முடிவு செய்யட்டும் என்ற சட்டம் அது. ஒருவரை அடிமையாக வைத்துக்கொள்வதை மற்றவர்கள் வாக்களித்துத் தீர்மானிப்பதா? தமக்காக உரிமை கேட்டு நின்றவர் அந்த வாக்கைப் போட்டிருக்கக் கூடாது. அதற்கான விலையைக் கொடுத்தார். 1855இல் இல்லினாய் சட்டமன்றம் நடத்திய செனட் தேர்தலின் முதல் சுற்றில் லிங்கனுக்கு 44 வாக்குகள், இவருக்கு 41. இறுதியில் வென்றவர் லைமன் டிரம்புல்.

தோற்றவர் மினசோட்டாவுக்குப் போனார், அயர்லாந்துக் குடும்பங்களைக் குடியேற்றினார். ஷீல்ட்ஸ்வில் என்ற ஊர் இன்றும் அங்கே இருக்கிறது. 1858இல் மினசோட்டா தனி மாநிலமானதும் அதன் முதல் இரு செனட்டர்களில் ஒருவரானார். அவருக்கு விழுந்தது குறுகிய பதவிக்காலம். மறு ஆண்டே முடிந்துவிட்டது. உள்நாட்டுப் போர் வந்தபோது அவருக்குப் படைத்தலைவர் பொறுப்பு கொடுத்தவர் யார் தெரியுமா? வாளேந்தி எதிரே நின்றிருக்க வேண்டிய அதே லிங்கன், அப்போது குடியரசுத் தலைவர்.

1879 தொடக்கத்தில், எழுபது வயதைக் கடந்திருந்த அவரை மிசூரி மாநிலம் எஞ்சியிருந்த ஐந்தாறு வார காலத்துக்கு செனட்டுக்கு அனுப்பியது. பதவி முடிந்ததும் ஊர் ஊராகச் சொற்பொழிவுக்குக் கிளம்பிவிட்டார். அந்தப் பயணத்தின்போதே, அவ்வாண்டு ஜூன் 1 அன்று, அயோவா மாநிலத்தின் ஒட்டம்வா ஊரில் காலமானார்.