காட்டுக்குள் ஒற்றர்கள், சிறைக்குள் அப்பாவிகள்

நேயர்களுக்கு வணக்கம். அந்தமானில் கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போனவர்கள் அங்குள்ள கான்கிரீட் பதுங்கு அறைகளைப் பார்த்திருப்பீர்கள். தடித்த சுவர், கடலைப் பார்த்தபடி துப்பாக்கி நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. இரண்டாம் உலகப் போரில் தீவைப் பிடித்த ஜப்பானியப் படை விட்டுப்போனவை அவை. எதிரி கடல்வழியாக வருவான் என்று காத்திருந்த அந்தப் படை, தன் பிடியில் இருந்த ஊர்மக்களைத்தான் கொன்று குவித்தது.

1942 மார்ச் 23 அன்று அவர்கள் போர்ட் பிளேயரில் இறங்கியபோது எதிர்த்து நிற்க யாரும் இல்லை. பிரிட்டிஷ் படை முன்பே வெளியேறியிருந்தது. 'விடுதலை தர வந்தோம்' என்றார்கள், நம்பியவர்களும் உண்டு. பிறகு நேச நாட்டுக் கப்பல்களின் கை ஓங்க ஓங்க, தீவுக்கு வரவேண்டிய அரிசி குறைந்தது. விமானத்தளம் அமைக்க ஊராரை அடித்து வேலை வாங்கினார்கள். பசியும் பயமும் சேர்ந்தபோது, கண்ணில் பட்டவரெல்லாம் ஒற்றராகத் தெரிந்தார்கள்.

ஒற்றர்கள் இருந்தது உண்மைதான். 1943 ஜனவரியில் மெக்கார்த்தி என்ற பிரிட்டிஷ் அதிகாரி சிறு குழுவோடு நீர்மூழ்கியில் வந்து காட்டுக்குள் இறங்கினார். அவர்களைப் பிடிக்க முடியவில்லை. அகப்பட்டவர்கள் ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள், மருத்துவர்கள். செல்லுலார் சிறையில் வைத்து, குற்றத்தை ஒப்புக்கொள்ளும்வரை வதைத்தார்கள்.

டாக்டர் திவான் சிங்கை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. பஞ்சாபிக் கவிஞர், நாட்டின் விடுதலைக்காக வெளிநாட்டு இந்தியர்கள் நடத்திய இந்திய சுதந்திர லீக்கின் அந்தமான் கிளைக்குத் தலைமை தாங்கியவர். 1943 டிசம்பர் கடைசியில் நேதாஜி வந்து அங்கே மூவண்ணக் கொடி ஏற்றியபோது, அவர் அதே ஊரில் சிறையில் கிடந்தார். ஜப்பானியர் நேதாஜியை ஊர்மக்களோடு தனித்துப் பேச விடவில்லை. 1944 ஜனவரி 14 அன்று டாக்டர் இறந்தார். அடுத்த இரண்டே வாரத்தில், ஜனவரி 30 அன்று, போர்ட் பிளேயருக்கு அருகே ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் குழியில் தள்ளினார்கள்.

போர் முடியப்போகும் 1945 ஆகஸ்டில் நடந்தது இதைவிடக் கொடுமை. உணவு போதாது என்று, நூற்றுக்கணக்கானவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் ஹேவ்லாக் தீவு அருகே கடலில் இறக்கிவிட்டார்கள். கரை சேர்ந்தவர்களும் பட்டினியில் மாண்டார்கள். அக்டோபரில் போர்ட் பிளேயரின் ஜிம்கானா மைதானத்தில் ஜப்பானியத் தளபதி சரணடைந்தார்.

ஹம்ஃப்ரிகஞ்சில் நினைவிடம் இருக்கிறது. அந்தமான் போகிறவர்கள் செல்லுலார் சிறையோடு திரும்பிவிடாமல், தயவுசெய்து அங்கும் ஒருமுறை போய் வாருங்கள்.