கஞ்சன்னு பேர் வாங்கின கொள்ளுத் தாத்தா: ஒரு மணியார்டர் விசாரணை

[திரையில்: துருப்பிடித்த பிஸ்கட் டின்]

எங்க குடும்பத்துல நூறு வருஷமா ஒரு கேஸ் ஓடுது மக்களே. பெரிய பாட்டன் வள்ளல். அவருக்கு அப்புறம் மலாயா வந்த தம்பி, அதாவது என் கொள்ளுத் தாத்தா, மகா கஞ்சன். இன்னிக்கு ரெண்டு துண்டு பேப்பரை வச்சு அந்தத் தீர்ப்பை மாத்தப் போறேன்.

வணக்கம், பினாங்குல இருந்து பேசுறேன். பின்னணி சுருக்கமா: திருச்சி பக்கத்துல இருந்து கப்பல் ஏறி, செபராங் பிறையில ரப்பர் தோட்டம், லயத்து வீடு, கங்காணி, கிராணி. உங்க வீட்டுலயும் இதே கதைதான் இருக்கும், தாண்டிப் போயிடலாம்.

[திரையில்: ரசீதும் ஊர்க் கணக்கு நோட்டும் பக்கத்துப் பக்கத்துல]

அத்தை வீட்டு டின்ல மணியார்டர் ரசீது கிடைச்சுது. அண்ணன் அனுப்பினது 1914ல, 5 வெள்ளி (அதாவது இங்கத்திய டாலர்). தம்பி அனுப்பினது 1929ல, அதுவும் 5 வெள்ளி. ஒரே தொகை! ஆனா போன வருஷம் ஊருக்குப் போனப்ப பார்த்த வரவு நோட்டுல, அண்ணன் பேர்ல 8 ரூபா 12 அணா (ரூபாய்க்கு 16 அணா), தம்பி பேர்ல 7 ரூபா 12 அணாவும் சில்லறையும். கிட்டத்தட்ட ஒரு ரூபா குறையுது. ஊர்ல என்ன நினைச்சிருப்பாங்க? "சின்னவன் அங்க குடிச்சுத் தீர்க்குறான்."

இங்கதான் எனக்குத் தூக்கம் போச்சு. 1906ல வெள்ளைக்காரன் நம்ம வெள்ளியோட மதிப்பை அவன் நாட்டுப் பணத்துல 2 ஷில்லிங் 4 பென்ஸுன்னு கட்டிப் போட்டுட்டான். 28 பென்ஸ். 1914ல இந்திய ரூபா 16 பென்ஸ். வகுத்துப் பாருங்க, ஒரு வெள்ளிக்கு ஒண்ணே முக்கால் ரூபா. அஞ்சு வெள்ளிக்கு அட்சரசுத்தமா 8 ரூபா 12 அணா! 1927ல ரூபாயை 18 பென்ஸுக்கு ஏத்திட்டாங்க. நம்ம வெள்ளி அதே 28லயே நிக்குது. இப்ப அஞ்சு வெள்ளிக்கு 7 ரூபா 12 அணா சொச்சம்தான். கணக்கு நோட்டோட அப்படியே பொருந்துது. நான் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து கத்தினேன், பக்கத்து வீட்டு ஆண்ட்டி லைட்டைப் போட்டுட்டாங்க.

ஆக, கஞ்சத்தனம் தாத்தாவோடது இல்ல, லண்டனும் டெல்லியும் சேர்ந்து செஞ்ச வேலை. இன்னொண்ணு: அப்போ இந்தப் பக்கத் தோட்டத்துல ஆம்பளைக்கு நாள் கூலி 50 காசு, பொம்பளைக்கு 40. அஞ்சு வெள்ளின்னா பத்து நாள் வேர்வை. 1930ல ரப்பர் விலை விழுந்ததும் 40 காசு, 32 காசுன்னு குறைச்சாங்க. அதே அஞ்சு வெள்ளி இப்ப பன்னண்டரை நாள். இவர் கஞ்சனா? சொல்லுங்க.

டின்ல வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டும் இருந்துச்சு. மதிப்பு எவ்வளவுன்னு கேக்காதீங்க, 1945லயே செத்துப்போச்சு.

பாட்டியோட கூட்டு நோட்டும் இருக்கு, கூட்டுன்னா சீட்டுப் பணம். யார் எந்த மாசம் எடுத்தாங்க, யார் ஏமாத்தினாங்க, எல்லாம் பென்சில்ல. ஒரு குஷியான தகவல்: மலேசியாவுல 1971ல கூட்டை வியாபாரமா நடத்தறதைத் தடுக்க ஒரு சட்டம் வந்துச்சு. அந்தச் சட்டத்தோட ஆங்கிலப் பேர்லயே நம்ம "கூட்டு" இருக்கு! தமிழ்ச் சொல் நாடாளுமன்றம் போன விதம் கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் பெருமைதான்.

நீங்க தேடணும்னா முதல்ல வயசானவங்ககிட்ட "எவ்வளவு சம்பளம்"னு கேக்காதீங்க, வாய மூடிடுவாங்க. "ஊருக்கு எவ்வளவு அனுப்புனீங்க, நகை எந்த அடகுக் கடையில வச்சீங்க"ன்னு கேளுங்க, பொழுது விடியும். 1951ல தொடங்கின சேமநிதி, அதாவது கேடபிள்யூஎஸ்பி கணக்குத் தாள், நிலக் கூட்டுறவுச் சங்கத்துப் பங்குப் பத்திரம், நில கிராண்டு, அதாவது நிலப் பட்டா, எதுவும் பழசுன்னு கிழிக்காதீங்க. பழைய பினாங்கு பத்திரிகை சிங்கப்பூர் நூலகத்து இணையத்துல இருக்கு.

அத்தைகிட்ட இந்தக் கணக்கை எல்லாம் விளக்கினேன். பொறுமையா கேட்டாங்க. "சரிப்பா, அந்த ஒரு ரூபா யாருகிட்ட போச்சு?"ன்னாங்க. அதுக்குத் தனி வீடியோ போடணும்.

உங்க வீட்டு மணியார்டர் ரசீதைப் படம் பிடிச்சு கீழ போடுங்க, வருஷமும் தொகையும் தெரியணும். ஐசி, அதாவது அடையாள அட்டை நம்பர் இருந்தா விரலை வச்சு மறைச்சிடுங்க.