போலீஸ் ஸ்டேஷனில் ரசீது வாங்கிய நாவல்

1866. ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க். இரவு பத்து மணி. ஒரு எழுத்தாளர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், தன் நாவலின் கையெழுத்துப் பிரதியை ஒப்படைத்து ரசீது வாங்குகிறார். கெடு முடிய இன்னும் இரண்டே மணி நேரம். ரசீது இல்லையென்றால், ஒன்பது வருஷத்துக்கு அவர் எழுதுவதையெல்லாம் ஒரு பதிப்பாளர் காசு கொடுக்காமலே அச்சடித்துக்கொள்ளலாம்!

அவர்தான் தஸ்தயெவ்ஸ்கி.

(திரையில்: அவருடைய படம், 1821–1881)

பழைய கதையை வேகமாக ஓட்டிவிடுகிறேன். மாஸ்கோவில் பிறப்பு, அப்பா டாக்டர். 1849-ல் அரசியல் வழக்கில் மரண தண்டனை, கடைசி நிமிஷத்தில் ரத்து, சைபீரியாவில் நாலு வருஷம் கடுங்காவல். இதை எல்லா சேனலிலும் சொல்லிவிட்டார்கள், விடுங்கள்.

நமக்கு வேண்டியது கடன். 1864-ல் அண்ணன் மிகயில் இறந்ததும் அவர் கடனும் தம்பி தலையில். போதாததற்கு ரூலெட் என்ற சூதாட்டப் பைத்தியம் வேறு. ஸ்தெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளர் 3,000 ரூபிள் நீட்டினார். 1866 நவம்பர் 1-க்குள் புது நாவல் வேண்டும், இல்லையென்றால் அந்த ஒன்பது வருஷம். கந்துவட்டிக்காரனே தேவலாம்!

நம்ம ஆளோ ‘குற்றமும் தண்டனையும்’ என்ற வேறொரு நாவலை எழுதுவதில் மூழ்கிவிட்டார். அக்டோபர் வந்தது. புது நாவலில் ஒரு வரி இல்லை.

அப்போதுதான் அன்னா வருகிறார். வயது 20, சுருக்கெழுத்து படித்தவர். முதல் நாளே ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போனதற்குத் திட்டு. வேறு யாராவது என்றால் மறுநாள் வந்திருக்கமாட்டார்கள். அன்னா வந்தார். பகலில் தஸ்தயெவ்ஸ்கி சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டு, இரவில் வீட்டில் உட்கார்ந்து முழு எழுத்தில் பெயர்த்தெழுதுவார். 26 நாளில் நாவல் முடிந்தது. பெயர் ‘சூதாடி’. சூதாட்டத்தில் அழிகிறவனின் கதை. அனுபவத்துக்கு வெளியே தேடவே வேண்டியிருக்கவில்லை!

கொடுக்கப் போனால் பதிப்பாளர் ஊரிலேயே இல்லை. குமாஸ்தா வாங்க மறுத்துவிட்டார். திட்டம் புரிகிறதா? போலீஸ் ரசீதுதான் அந்தத் திட்டத்தை உடைத்தது.

அப்புறம் 1867 பிப்ரவரியில் அன்னாவையே கல்யாணம் செய்துகொண்டார். ரூலெட் மட்டும் 1871 வரை விடவில்லை. அன்னா சும்மா இருக்கவில்லை. 1873-ல் கணவரின் நாவலைத் தாமே பதிப்பித்தார், இடையில் எந்த ஸ்தெல்லோவ்ஸ்கியும் கிடையாது. என்னைக் கேட்டால் அட்டையில் அன்னா பெயரையும் போட்டிருக்கவேண்டும்.

இல்லை என்பவர்கள் கமெண்டில் சண்டைக்கு வாருங்கள். அப்படியே சேனலை சப்ஸ்கிரைப் செய்துவிட்டு வாருங்கள்.